தட்டைக் கூரையும் பத்து ஆண்டு உத்தரவாதமும்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கனடாவில் வசிக்கும் மகன் அனுப்பும் பணத்தில் நகரத்திலே மூன்று மாடிக் கடைத்தொகுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே புடைவைக் கடை, நடுவில் தனியார் கல்வி நிலையம், மேலே அலுவலகங்கள் என்பது திட்டம். மேல்மாடிக்குக் கொங்கிறீட் தட்டு ஊற்றி முடிந்துவிட்டது. இனி மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதிருக்க அதன்மேல் ஏதாவது விரிக்க வேண்டும். மூன்று ஒப்பந்தகாரர்கள் மூன்று விதமான பொருளுக்கு விலை கொடுத்திருந்தார்கள்.

"ஐசே, நீர் நாற்பது வருசமாக ஊருக்கெல்லாம் அறிவுரை எழுதினவர். இந்த மூன்றில் எது நல்ல மெம்பிறேன் என்று சொல்லும் பார்ப்பம்" என்றார்.

நான் பொறியியலாளன் அல்லன். ஆனாலும் அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. தட்டைக் கூரை என்ற சொல்லைக் கேட்டாலே நான் ஒரு பழைய கதையைத் தொடங்கிவிடுவேன் என்பது நண்பர்கள் அறிந்தது. வாசகர்களில் பலர் அதனை அறியமாட்டீர்கள் என்பதால் இங்கும் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை நிறுவனங்களுள் ஒன்றின் கட்டடம் தட்டைக் கூரை கொண்டது. பெயர் வேண்டாம். அச்சியந்திரம் கீழே, ஆசிரியபீடமும் விளம்பரப் பகுதியும் நடுவே. எவருக்கும் அவசரமாகத் தேவைப்படாதவை யாவும் மேல்மாடிக்குச் சென்றன. பழைய இதழ்களை மாதவாரியாகத் தைத்துக் கட்டிய தொகுப்புகளும் அப்படித்தான் கூரைக்கு நேர் கீழே உள்ள அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

முதலில் சீலிங்கில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை தெரிந்தது. அதன்மேல் வெள்ளை பூசினார்கள். அடுத்த மாரியில் கறை மீண்டும் வந்தது. கூரையிலே தார் பூசினார்கள். இவ்வாறு ஆறேழு ஆண்டுகள் கழிந்தபின், நிர்வாகம் பெரிய மனது பண்ணி முழுக் கூரைக்கும் மெம்பிறேன் விரித்தது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை கொடுக்கப்பட்டது. பத்து ஆண்டு உத்தரவாதப் பத்திரம் ஒன்றும் கிடைத்தது. கணக்காளர் அதனைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டாத குறைதான்.

இரண்டு ஆண்டுகள் ஒரு துளியும் விழவில்லை. பின்னர் கணினிப் பகுதிக்குக் குளிரூட்டி பொருத்த வந்தவர்கள், அதன் வெளி இயந்திரத்தைக் கூரையில் வைத்து, தாங்குசட்டத்தை எட்டு ஆணிகளால் மெம்பிறேனையும் துளைத்துக் கொங்கிறீட்டில் இறுக்கிவிட்டுப் போனார்கள். அதனை எவரும் கவனிக்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுமுறை வாரம் ஒன்றில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தது. கூரையின் ஒரேயொரு நீர்வாயிலை ஒரு பொலித்தீன் பையும் காகக்கூட்டுச் சுள்ளிகளும் அடைத்திருந்தன. கணுக்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீர் அந்த எட்டுத் துளைகளையும் கண்டுகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை அறையைத் திறந்தபோது வந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பத்திரிகைக் காகிதம் நனைந்தால் பஞ்சுபோல் ஊதும். உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரிக்க முயன்றால் எழுத்து மறு பக்கத்தோடு போய்விடும். 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாதியும் 1958 இன் தொகுப்பில் பெரும்பகுதியும் அவ்வாறு அழிந்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் இந்நாட்டுத் தமிழருக்கு எத்தகையவை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது பற்றி நாங்கள் ஆண்டுதோறும் எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் எங்கள் தலைக்கு மேலே நனைந்து அழிந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் எங்களையே குற்றஞ்சாட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஒப்பந்தகாரருக்குக் கடிதம் போனது. பதில் மரியாதையாகவே வந்தது. வேறு ஆட்கள் படலத்தைத் துளைத்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது, தண்ணீர் தேங்கி நிற்பதால் ஏற்படும் பாதிப்பு அதில் அடங்காது, அடங்கினாலும் படலத்தைத் திருத்துவதே தமது கடமை, கீழே இருந்த பொருள்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று எழுதியிருந்தார். உத்தரவாதத்தின் பின்பக்கத்தை நாங்கள் முதன்முறையாக அன்றுதான் வாசித்தோம். அவர் சொன்ன மூன்றும் அங்கே சிறிய எழுத்தில் இருந்தன. செய்தி வாசித்தும் திருத்தியும் வயிறு வளர்த்த ஒரு கூட்டம், தன் கூரைக்கான ஒரு தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்தது.

இனி நண்பரின் மூன்று விலைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிற்றுமின் மெம்பிறேன். சுருளாக வரும். அடிப்பக்கத்தை எரிவாயுச் சுவாலையால் உருக்கிக்கொண்டே கொங்கிறீட்டில் ஒட்டுவார்கள். தாரோடு பிளாஸ்டிக் சேர்த்து ஏ.பீ.பீ. என்றும், செயற்கை றபர் சேர்த்து எஸ்.பீ.எஸ். என்றும் இரண்டு வகை உண்டு. பொதுவாக வெயிலைத் தாங்குவதில் முன்னதும், குளிர்நாடுகளில் வெடிக்காமல் வளைந்து கொடுப்பதில் பின்னதும் சிறந்தவை. எங்கள் வெயிலுக்கு ஏ.பீ.பீ. பொருந்தும். இரண்டாவது விலை, வாளியில் வரும் பொலியூரித்தேன் திரவத்தைத் தூரிகையாலும் உருளையாலும் பூசுவதற்கானது. உலர்ந்தபின் மூட்டே இல்லாத றபர்த் தோல் போலாகும். மூன்றாவது, வெள்ளை நிறப் பீ.வீ.சி. விரிப்பு. அகலமான தாள்களைச் சுடுகாற்றால் ஒன்றோடொன்று பற்றவைப்பார்கள். முதலாவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. உத்தரவாதமும் இருபது ஆண்டு. நண்பரின் மனம் அதில்தான் இருந்தது. மகனும் கனடாவிலிருந்து அதையே சொன்னாராம்.

வெள்ளைக் கூரைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. புதிய வெள்ளைப் பரப்பு தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பரப்பு ஏறக்குறைய முழுவதையும் விழுங்கும். மேல்மாடியில் குளிரூட்டி வைப்பவருக்கு அது மின்கட்டணத்தில் தெரியும். ஆனால் எங்கள் ஈரக்காற்றில் பாசியும் தூசும் படிந்து வெள்ளை விரைவில் சாம்பல் நிறமாகும். கழுவ ஆள் வேண்டும். உருக்குத் தகட்டின் மீது பரந்து கிடக்கும் தொழிற்சாலைக் கூரைக்கு இத்தகைய ஒற்றை விரிப்பே ஏற்றது என்பேன். பாரம் குறைவு, வேலையும் விரைவு. ஆனால் நண்பருடையது கொங்கிறீட் தட்டு. அங்கே விரிப்பு முழுமையாக ஒட்டப்படாமல் கிடந்தால், ஓரிடத்தில் துளை விழ, தண்ணீர் விரிப்பின் அடியில் ஊர்ந்து இருபது அடிக்கு அப்பால் சொட்டும். துளை எங்கே என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. முழுதாக உருக்கி ஒட்டிய பிற்றுமினில் பெரும்பாலும் துளைக்கு அண்மையிலேயே ஒழுக்கும் இருக்கும். தவிரவும் சுடுகாற்று இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மார்கழி மாதத்துச் சனிக்கிழமை, கூப்பிட்டவுடன் வருவாரா என்று நண்பரிடம் கேட்டேன். ஒப்பந்தகாரரின் அலுவலகம் கொழும்பில் என்றார். அதுவே பதில்.

பொலியூரித்தேன் பற்றி எனக்கு இருமனம். நீர்த்தாங்கிக் கால்கள், குழாய்கள், மூலை முடுக்குகள் நிறைந்த சிறிய கூரைக்கு அதைப்போல் வசதியானது இல்லை. ஆயினும் தாளின் தடிப்பைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது, பூச்சின் தடிப்பையோ அன்றைய தினம் உருளை பிடித்தவரின் கைதான் தீர்மானிக்கிறது. ஒன்றரை மில்லிமீற்றர் என்று எழுதிவிட்டு முக்கால் மில்லிமீற்றரில் முடிப்பது கண்ணுக்குத் தெரியாது. இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிலோகிராம் என்று எழுதி வாங்கி, வேலை முடிந்ததும் காலி வாளிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஈரமான கொங்கிறீட்டில் பூசினால் கொப்புளம் போடும் என்பதையும் மறக்கக் கூடாது. இரவு ஒரு பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டிவிட்டுக் காலையில் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் பூத்திருந்தால் பூசும் நாள் இன்னும் வரவில்லை.

எனவே மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் முதலாவதையே சொல்வேன், ஒன்றுக்கு இரண்டு படையாக, மேலே வெயில் படாதவாறு காப்புடன். இதனைச் சொன்னதும் நண்பர் மகிழ்ந்துபோய், அத்துடன் தொலைபேசியை வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. கூரையின் படங்களை அனுப்பச் சொன்னேன்.

படங்களைப் பார்த்தபின்தான் உண்மையான பிரச்சினை விளங்கியது. தட்டின் மீது பதினெட்டு இடங்களில் தூண் கம்பிகள் கொத்துக் கொத்தாக ஆளுயரத்துக்கு நின்றன. பிற்காலத்தில் இன்னொரு மாடி எழுப்புவதற்காம். வடக்கில் எந்த நகரத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். தலைமுடி சிலிர்த்த கட்டடங்கள். அடுத்த மாடி பெரும்பாலும் வருவதில்லை. கம்பி மட்டும் பதினைந்து இருபது ஆண்டுகள் உவர்க்காற்றில் நின்று துருப்பிடிக்கும். துரு பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். ஒவ்வொரு கம்பியின் அடியும் தண்ணீருக்கு ஒரு வாசல். பதினெட்டுக் கொத்து, கொத்துக்கு ஆறு கம்பி என்றால் நூற்றெட்டு வாசல்கள். அவற்றைச் சுற்றி எந்த நாட்டுத் தாளையும் ஒழுங்காக ஒட்ட முடியாது. இருபது ஆண்டு உத்தரவாதம் கொடுத்தவர் இதைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். அவர் கூரையில் ஏறியே பார்க்கவில்லை, வரைபடத்திலிருந்து பரப்பளவை எடுத்து விலை போட்டுவிட்டார் என்றார் நண்பர்.

இன்னொரு படத்தில், முதல்நாள் பெய்த சிறு மழைத் தண்ணீர் நடுவில் குளமாக நின்றது. தட்டைக் கூரை என்று நாம் பெயர் வைத்துவிட்டதால் அது மட்டமாகவே இருக்க வேண்டும் என்று மேசன்மாரும் நினைத்துவிடுகிறார்கள். பிரித்தானிய நியமமான பி.எஸ். 6229, வேலை முடிந்தபின் குறைந்தது எண்பதுக்கு ஒன்று என்ற சரிவு இருக்க வேண்டும் என்கிறது. இருபது அடிக்கு மூன்று அங்குலம். அதைப் பெற இப்போது சீமெந்துக் கலவையால் சரிவு கொடுக்க வேண்டும். அதன் பாரம் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் சராசரியாக எண்பது கிலோகிராம் அளவில் வரும் என்பதால் பொறியியலாளரைக் கேட்காமல் செய்யவும் கூடாது. ஐயாயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் நூறு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது நாற்பத்தாறு தொன் தண்ணீர். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாட்டில் இருந்தவர்களுக்கு நூறு மில்லிமீற்றர் பெரிய கணக்கல்ல. அந்தத் தண்ணீருக்கு இரண்டு நீர்வாயில்களும், அவை அடைபட்டால் வழிந்தோடக் கைப்பிடிச் சுவரில் ஒரு துவாரமும் வேண்டும். நண்பரின் கூரையில் இருந்தது ஒரேயொரு மூன்று அங்குலக் குழாய்.

எங்கள் முன்னோர் ஓலைக்கும் ஓட்டுக்கும் செங்குத்தான சரிவு வைத்து, பீலி கட்டி, தண்ணீரைத் தாமதமின்றி முற்றத்துக்கு அனுப்பினார்கள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவும் நவீன பாணியில் தொடங்கி, எங்கள் மழையைப் பார்த்தபின் ஓட்டுச் சரிவுக்குத் திரும்பியவர்தான். பின்னர் 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலில் தட்டைக் கூரையின்மேல் செடிகொடிகளையே வளர்த்தார் என்பது வேறு கதை. நகரத்துக் காணியின் விலையில் கடைக்காரர் எல்லோரும் சரிவுக் கூரைக்குத் திரும்ப முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பியபோது மகனிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அங்கிள், இங்கே எல்லாக் கடைத்தொகுதியும் தட்டைக் கூரைதான். நல்ல பொருளும் நல்ல சட்டமும் இருந்தால் பிரச்சினை வராது" என்று எழுதியிருந்தார். அவர் வசிப்பது ஒன்ராறியோ மாகாணத்தில். அதே மாகாணத்தில் நடந்த ஒன்றை அவருக்குப் பதிலாக எழுதினேன்.

ரொறொன்ரோவுக்கு வடமேற்கே எலியற் லேக் என்ற பழைய யுரேனியச் சுரங்க நகரம் இருக்கிறது. அங்கே அல்கோ சென்ரர் மோல் என்ற கடைத்தொகுதி 1980 ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. கூரையே வாகனத் தரிப்பிடம். முழுப் பரப்பையும் மூடும் நீர்காப்புப் படலம் அதற்கு இடப்படவில்லை. மூட்டுகளை அடைத்தால் போதும் என்று நம்பினார்கள். தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. மூன்று உரிமையாளர்களின் கை மாறியது. ஒவ்வொருவரும் ஒட்டுப் போட்டார்கள், எவரும் முழுமையாகத் திருத்தவில்லை. குளிர்காலத்தில் வாகனங்களோடு வந்த வீதி உப்பு நீரில் கரைந்து இறங்கி, உருக்குச் சட்டத்தின் பற்றவைப்பை முப்பது ஆண்டுகளாகத் தின்றது. 2012 ஜூன் 23 ஆம் திகதி பிற்பகலில் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னர்தான் கட்டடத்தைப் பார்வையிட்ட ஒரு பொறியியலாளர் அது உறுதியாக இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். குற்றவியல் வழக்கிலிருந்து அவர் 2017 இல் விடுவிக்கப்பட்டார். நீதிபதி போல் பெலாஞ்ஜே தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2014 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை, தோற்றது பொருளல்ல, மனிதர்களே என்ற முடிவுக்கு வந்தது. ஒழுக்கை அத்தனை பேரும் அறிந்திருந்தார்கள். நல்ல சட்டம் உள்ள நாடுதான் அது.

மகனுக்கு நான் சொல்ல விரும்பியது வேறொன்றும் உண்டு. அதை மின்னஞ்சலில் சற்று மென்மையாக எழுதினேன், இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன். வெளிநாட்டுப் பணத்தில் எழும் எங்கள் கட்டடங்களுக்கு உரிமையாளர் ஒரு கண்டத்தில் இருக்கிறார், கூரை இன்னொரு கண்டத்தில் இருக்கிறது. ஒழுக்கு வாடகைக்காரரின் தலையில் விழுகிறது. கீழ்த்தளத்துப் புடைவைக் கடைக்காரர் தைப்பொங்கல் வியாபாரத்துக்காகக் கடன்பட்டுச் சரக்கு இறக்குவது மார்கழியில், மாரி மழை இன்னும் ஓயாதிருக்கும்போது. அவருக்கு மெம்பிறேனின் பெயர் தெரியாது. ஒப்பந்தகாரரோடும் அவருக்குப் பேச்சில்லை. கூரைக்குச் செல்லும் கதவின் சாவிகூட அவரிடம் இருப்பதில்லை. ஆகவே எந்தத் தாள் என்று கேட்குமுன், புரட்டாசியில் ஏறி நீர்வாயிலைத் துப்புரவு செய்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், அனுமதியின்றி எவரும் ஆணி அடிக்காமல் பார்ப்பவர் யார் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் மலிவான தாளே போதும். விலை உயர்ந்ததும் அதே காலத்தில்தான் போகும்.

ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி நண்பருக்கு இரண்டு விடயங்கள் எழுதிக் கொடுத்தேன். காப்புப் பூச்சு போடுமுன், நீர்வாயில்களை அடைத்துக் கூரையில் இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் தேக்கிவைத்துக் கீழே நின்று பார்க்க வேண்டும், அந்தப் பாரத்தைத் தட்டு தாங்கும் என்று பொறியியலாளர் சொன்ன பின்னர். பணத்தில் பத்து வீதத்தை ஒரு முழு மாரி கழியும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு உத்தரவாதத்தைவிட இந்தப் பத்து வீதத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். முதலாவது ஒப்பந்தகாரர் முணுமுணுத்தாலும் சம்மதித்தார். இரண்டாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாமவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லையாம்.

கம்பி விடயந்தான் இன்னும் முடியவில்லை. ஒன்றில் அடுத்த மாடி வேண்டாம் என்று தீர்மானித்து அவற்றை வெட்டி மூட வேண்டும். அல்லது ஒவ்வொரு கொத்தையும் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கொங்கிறீட் மேடை கட்டி, கம்பிகளை அதற்குள் மடக்கிப் புதைத்து, படலத்தை அதன்மேல் ஏற்றி ஒட்ட வேண்டும். பிற்காலத்தில் உடைத்து எடுத்துக்கொள்ளலாம். வெட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறார். தந்தைக்கு மனம் வரவில்லை. "பேரப்பிள்ளையள் ஒருநாள் வந்து இருக்கக்கூடும்" என்கிறார். நேற்றும் பேசினேன். மேடை கட்டுவதற்குப் பொறியியலாளரிடம் கேட்டிருப்பதாகவும், ஆவணிக்குள் வேலை முடிந்தால் தண்ணீர் தேக்கும் நாளில் நானும் வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார். புகையிரத ஆசனத்தைப் பதிவுசெய்யத் திகதிக்காகக் காத்திருக்கிறேன்.